குவாங்சோவுக்கு முதல் பயணமா? கிளம்புமுன் செய்ய வேண்டியவையும், இறங்கியதும் திகைக்க வைப்பவையும்

சீனா போகிறேன் என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பாஷை தெரியுமா?" என்பதுதான். பாஷையை எப்படியாவது சமாளித்துவிடலாம். கையைக் காட்டலாம், கால்குலேட்டரைக் காட்டலாம், மொழிபெயர்ப்பு ஆப் இருக்கிறது. தென் சீனாவின் வணிக நகரமான குவாங்சோவில் முதல் சில நாட்கள் என்னை அலைக்கழித்தது கைப்பேசிதான். பணம், வழி, டாக்சி, மெட்ரோ, சாப்பாடு, எல்லாமே அதற்குள் இருக்கிறது. நம் ஊரில் சரியாக வேலை செய்கிற போன் அங்கே இறங்கியதும் பாதி செயலிழந்துவிடும். அதனால் கீழே உள்ள படிகளில் முதல் மூன்றையும் முடிந்தவரை வீட்டிலிருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

சரக்கு வாங்கப் போகிறவர்களுக்கும் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பெரும்பாலான விஷயங்கள் ஷாங்காய்க்கும் செங்டுவுக்கும் பொருந்தும். சாப்பாட்டுப் பகுதி மட்டும் குவாங்சோவுக்கே உரியது.

1. எப்போது போவது என்று முதலில் முடிவெடுங்கள்

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். குவாங்சோவின் பெரிய வணிகக் கண்காட்சியான கேன்டன் கண்காட்சி ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. ஏப்ரல் 15-இல் ஒன்றும் அக்டோபர் 15-இல் ஒன்றுமாகத் தொடங்கி, மூன்று கட்டங்களாக அடுத்த மாதத் தொடக்கம் வரை நீளும். கண்காட்சிக்குப் போகாதவர்கள் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். கண்காட்சி நடக்கும் பாஜோ பக்கம் மட்டுமல்ல, ஊர் முழுக்க ஹோட்டல் வாடகை எகிறிவிடும்.

அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை. ரயிலில் இடம் கிடைக்காது, பார்க்கும் இடமெல்லாம் தலையாகத்தான் தெரியும். சீனப் புத்தாண்டு (ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும்) வியாபாரிகளுக்கு இன்னும் மோசம். மொத்த விற்பனைக் கடைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும், தொழிற்சாலை ஆட்கள் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள்.

மார்ச், ஏப்ரலில் காற்றில் ஈரம் ஏறிச் சுவரெல்லாம் வியர்க்கும். துவைத்த துணி காயாது. மே முதல் செப்டம்பர் வரை மழையும் புழுக்கமும். நவம்பர் பாதி முதல் டிசம்பர் கடைசி வரைதான் சுகமான காலம்.

2. விசா

சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்த இரண்டு நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் அடுத்த படிக்குத் தாவிவிடுங்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் விசா இல்லாமல் சீனாவில் தங்கவிடும் 240 மணி நேர இடைத்தங்கல் சலுகை பற்றி நிறையக் காணொளிகள் வருகின்றன, அந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.

இந்தியர்களுக்கான சுற்றுலா விசாவை 2025 ஜூலையில்தான் மீண்டும் தரத் தொடங்கினார்கள். சீன விசா மையங்கள் இருப்பது டெல்லி, மும்பை, கொல்கத்தாவில். சென்னையில் இல்லை. அதனால் தமிழ்நாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஏஜென்ட் மூலம்தான் பாஸ்போர்ட்டை அனுப்புகிறார்கள். சுற்றிப் பார்க்க எல் வகை, வணிகத்துக்கு எம் வகை. எம் வகைக்குச் சீன நிறுவனத்தின் அழைப்புக் கடிதமோ கண்காட்சியின் அழைப்போ வேண்டும்.

எல் வகைக்குத் தயார் செய்ய வேண்டியவை:

- குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும், வெற்றுப் பக்கங்கள் உள்ள பாஸ்போர்ட்
- வெள்ளைப் பின்னணியில் 33 × 48 மி.மீ. புகைப்படம். நம் பாஸ்போர்ட் அளவுப் படம் செல்லாது. ஸ்டுடியோவில் "சீன விசா அளவு" என்று சொல்லி எடுங்கள்
- வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலையிலிருப்பவர்களுக்கு அலுவலகக் கடிதம்
- போகவர விமான முன்பதிவு, ஹோட்டல் முன்பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம்

ஹோட்டல் முன்பதிவும் பயணத் திட்டமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். என் விண்ணப்பத்தைத் தயாரித்த ஏஜென்ட் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் திட்டத்தில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தார். அதில் நான் பெய்ஜிங்கில் தூங்கி குவாங்சோவில் காலை உணவு சாப்பிடுவதாக இருந்தது! அனுப்பும் முன் ஒவ்வொரு தாளையும் நீங்களே வாசியுங்கள்.

ஒருமுறை நுழைவுக்கு விசாக் கட்டணம் மூவாயிரம் ரூபாயை ஒட்டி வரும். மையத்தின் சேவைக் கட்டணம், ஏஜென்ட் கூலி, கூரியர் எல்லாம் தனி. பல ஏஜென்டுகள் இவற்றைப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். மையத்தில் சாதாரணமாக 4 வேலை நாள்தான் ஆகிறது. ஆனாலும் கூடுதல் ஆவணம் கேட்டால் தள்ளிப்போகும் என்பதால் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

விசா கையில் வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எத்தனை முறை நுழையலாம், எந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம். கூடுதலாகத் தங்கினால் நாளுக்கு 500 யுவான் அபராதம், உச்சவரம்பு 10,000 யுவான். ஒரு யுவான் என்பது தோராயமாக 12, 13 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. போனையும் கார்டையும் தயார் செய்வது

இதை அவசரமில்லாத ஒரு மாலையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

இணையம்: கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதுவும் சீன இணையத்தில் திறக்காது. ஹோட்டல் வைஃபையிலும் திறக்காது, அங்கே வாங்கும் சிம்மிலும் திறக்காது. ஆனால் வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கிலும் பயண ஈ-சிம்மிலும் திறக்கும், ஏனென்றால் அந்தத் தரவு வெளிநாட்டு வழியாகத்தான் போகிறது. எனவே விபிஎன்னை நம்பிக் கிளம்பாமல், சீனாவுக்கான ஈ-சிம் ஒன்றை ஊரிலேயே வாங்கி நிறுவிக்கொள்ளுங்கள். உங்கள் போன் ஈ-சிம் ஏற்காது என்றால் ரோமிங் பேக் போடுங்கள்.

ஓடிபி: இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். டேட்டாவை அணைத்து, ரோமிங்கை மட்டும் இயக்கி வையுங்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எஸ்எம்எஸ் வாங்குவதற்கும் ரோமிங் பேக் தேவையா என்று உங்கள் நிறுவனத்திடம் கிளம்புமுன் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கார்டு: யூபிஐ அங்கே வேலைக்கு ஆகாது. விசா (Visa) அல்லது மாஸ்டர்கார்டு நிறுவனத்தின் கார்டு வேண்டும், அதுவும் இரண்டு வெவ்வேறு வங்கிகளுடையது. ஒரு வங்கி சந்தேகப்பட்டுத் தடுத்தாலும் மற்றது காப்பாற்றும். வங்கி ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டை இயக்கும்போது பலர் கடையில் தேய்ப்பதற்கானதை மட்டும் இயக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். சீனாவின் பணம் செலுத்தும் ஆப்பான அலிபே மூலம் போகும் பணம் ஆன்லைன் பரிவர்த்தனை. ஆக, சர்வதேச ஆன்லைன் என்ற பொத்தானையும் இயக்கி, நாள் வரம்பையும் உயர்த்த வேண்டும்.

அலிபே, வீசாட்: அங்கே டீக்கடை முதல் கோயில் உண்டியல் வரை பணம் கொடுக்க இந்த இரண்டு ஆப்களும்தான். வீசாட்டில் வாட்ஸ்அப் போலச் செய்தியும் அனுப்பலாம். சிக்கல் என்னவென்றால், இந்திய அரசு 2020-இல் தடை செய்த ஆப்களின் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. இந்தியாவில் பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காது. கிடைப்பதாகச் சொல்லும் வேறு தளங்களில் போலிகள் உண்டு, கார்டு எண்ணைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாகப் போகிறவர்கள் இடைத்தங்கலில் அலிபேயின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஐபோனில் ஆப் ஸ்டோரின் நாட்டை மாற்ற வேண்டிவரும். ஓடிக்கொண்டிருக்கும் சந்தா ஏதாவது இருந்தால் மாற்றவே விடாது, அதை ஊரிலேயே கவனித்துவிடுங்கள். கொல்கத்தாவிலிருந்தோ டெல்லியிலிருந்தோ நேரடி விமானத்தில் போகிறவர்கள் குவாங்சோ விமான நிலையத்தில் உட்கார்ந்து இதைச் செய்துவிட்டு வெளியே வாருங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுவி, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிடலாம்.

ஒன்றுதான் நிறுவ நேரம் என்றால் அலிபேயை நிறுவுங்கள். வீசாட் புதுக் கணக்குக்கு ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று பல நேரம் கேட்கும். சரக்கு வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் வீசாட்டைத் தவிர்க்க முடியாது. விற்பனையாளர் முதலில் கேட்பதே அதைத்தான், விசிட்டிங் கார்டை யாரும் சீண்டுவதில்லை.

வெளிநாட்டுக் கார்டு இணைத்த அலிபேயில் 200 யுவான் வரை கட்டணமில்லை. அதற்கு மேல் போனால் 3 சதவீதம். உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. சின்னத் தெருக்கடைகளில் ஒட்டியிருக்கும் சொந்தக் கணக்குக் கியூஆர் சில சமயம் வெளிநாட்டுக் கார்டை ஏற்காது. அதற்காக 10, 20 யுவான் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள். பணத்தாளை மறுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம், சில்லறை இருக்குமா என்பது வேறு விஷயம்.

வரைபடம்: கூகுள் மேப்ஸ் திறந்தாலும் நம்பாதீர்கள். சீனாவின் வரைபட ஆயத்தொலைகள் வேறு முறை என்பதால் நீங்கள் நிற்கும் இடத்தை அடுத்த தெருவில் காட்டும். ஐபோன்காரர்களுக்கு ஆப்பிள் மேப்ஸ் போதும். மற்றவர்கள் ஆமேப் என்ற சீன வரைபட ஆப்பை நிறுவுங்கள். ஹோட்டலின் பெயரும் முகவரியும் சீன எழுத்தில் உள்ள பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது இதையெல்லாம் விடப் பெரிய உதவி.

4. பெட்டி கட்டும்போது

பவர்பேங்க் விஷயத்தில் எச்சரிக்கை. 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி (சீனாவின் பாதுகாப்புத் தரச் சான்று) முத்திரை இல்லாத பவர்பேங்க்கை அனுமதிப்பதில்லை. நம் ஊரில் வாங்கியவற்றில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. குவாங்சோவிலிருந்து வேறு ஊருக்குப் பறக்கும் திட்டம் இருந்தால் சோதனைச் சாவடியில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கடைவாசல்தோறும் வாடகை பவர்பேங்க் பெட்டிகள் இருக்கின்றன, அலிபேயில் ஸ்கேன் செய்து எடுத்து வேறு எங்காவது திருப்பிச் செருகலாம்.

நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். டிஷ்யூ பேப்பர் பாக்கெட் நிறைய. கைப்பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பும் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வருகிறது. சைவக்காரர்கள் பருப்புப் பொடி எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் சோறு எங்கும் கிடைக்கும்.

5. இறங்கிய முதல் சில மணி நேரம்

2025 நவம்பர் 20 முதல் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்பலாம். ஊரிலேயே நிரப்பிவிட்டால் குடியேற்ற வரிசைக்கு முன் பேனா தேடி அலைய வேண்டாம். 14 முதல் 70 வயது வரை உள்ளவர்களிடம் கைரேகை எடுப்பார்கள்.

பையூன் விமான நிலையத்தில் இப்போது மூன்று முனையங்கள். மெட்ரோ 3-ஆம் தடம் விமான நிலையத்திலிருந்தே நகருக்குப் போகிறது. பெரிய பெட்டி இருந்தால், காலை மாலை நெரிசலில் அதில் ஏறாதீர்கள், அந்தத் தடத்தின் கூட்டம் ஊரறிந்தது. இரவு 11 மணிக்கு மேல் இறங்கினால் மெட்ரோ இருக்காது. டாக்சியில் நகர மையத்துக்கு 120 முதல் 150 யுவான் வரை ஆகும். வாசலில் "டாக்சி, டாக்சி" என்று தோளைத் தொடுகிறவர்களைக் கடந்து, வரிசையில் நிற்கும் டாக்சிக்குப் போங்கள். அலிபேக்குள்ளேயே டாக்சி அழைக்கும் டிடி சேவை இருக்கிறது, ஆங்கிலத்தில் வேலை செய்யும். வண்டியில் ஏறியதும் ஓட்டுநர் ஏதோ கேட்பார்: உங்கள் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் அது. காட்டினால் போதும், கிளம்பிவிடுவார்.

ஹோட்டலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்வார்கள். வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவாக வேண்டும் என்ற விதியை ஹோட்டலே முடித்துவிடும். நண்பர் வீட்டில் தங்கினால் நீங்களே அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். இதை விட்டுவிட்டுப் பிறகு சிக்கலில் மாட்டுகிறவர்கள் அதிகம். மலிவான சின்ன விடுதிகள் சிலவற்றுக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்யத் தெரியாது, முன்பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள். ஓரளவு நல்ல அறை இரவுக்கு 250 முதல் 400 யுவான். அதற்கு மேல் ஒரு முன்பணம் கேட்பார்கள், காலி செய்யும்போது திரும்பி வரும்.

6. தெருவில் திகைக்க வைப்பவை

முதலில் உறைப்பது சத்தம் இல்லாததுதான். இவ்வளவு பெரிய ஊரில் ஹாரன் இல்லை, பேருந்தும் டாக்சியும் மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்த அமைதியே ஆபத்தும்கூட. மின்சார ஸ்கூட்டர்கள் நடைபாதையிலேயே, எதிர்த்திசையிலும், சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். நடைபாதையில் திடீரென்று பக்கவாட்டில் விலகாதீர்கள்.

மெட்ரோவில் ஒவ்வொரு முறை நுழையும்போதும் பை எக்ஸ்ரேயில் போக வேண்டும். கட்டணம் 2 யுவானில் தொடங்குகிறது. அலிபேயின் போக்குவரத்துப் பகுதியில் குவாங்சோ அட்டையை எடுத்துவிட்டால் கியூஆரைக் காட்டி ஏறலாம். இயந்திரத்தில் எடுத்தால் வட்டமான பிளாஸ்டிக் வில்லை வரும். ஏறும்போது தொட வேண்டும், இறங்கும்போது துளையில் போட வேண்டும், எங்கேயும் தொலைத்துவிடாதீர்கள்.

பொதுக் கழிப்பறைகள் நிறைய இருக்கின்றன, இலவசம், பெரும்பாலும் சுத்தம். குந்தி உட்காரும் வகைதான், நமக்குப் பழக்கமானதே. ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய் இருக்காது, தாளும் பல இடங்களில் இருக்காது. டிஷ்யூவும் கப்பும் இதற்குத்தான்.

தரைத்தளம் என்று தனியாகக் கிடையாது, அதுவே 1-ஆம் தளம். மின்தூக்கியில் 4 இல்லாவிட்டால் குழம்ப வேண்டாம், அது அங்கே ராசியில்லாத எண். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. கொடுத்தால் மறந்து விட்டுப் போனீர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி வருவார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. உணவகத்தில் தண்ணீர் கேட்டால் கோடையிலும் வெந்நீர்தான் வரும். குளிர்ந்தது வேண்டுமென்றால் கடையில் 2, 3 யுவானுக்கு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

சத்தமாகப் பேசுவதைச் சண்டை என்று நினைக்காதீர்கள். இந்த ஊர் மொழியான கேன்டனீஸ் பேச்சு அப்படித்தான் காதில் விழும். மதுரை பஸ் ஸ்டாண்டில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிவிடும்.

மொத்த விற்பனைக் கடைகளில் பேரம் உண்டு, கால்குலேட்டரை நீட்டுவார்கள், நீங்களும் அதிலேயே அடித்துக் காட்டுங்கள். விரலால் எண் காட்டும்போது கவனம்: கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் 6, கட்டைவிரலும் சுட்டுவிரலும் நீட்டினால் 8. இரண்டு என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள். ஷாஹே துணிச்சந்தை விடியற்காலையில் திறந்து மதியத்தோடு கலைந்துவிடும். காலை பத்து மணிக்குச் சாவகாசமாகப் போனால் மிச்சம்தான் கிடைக்கும். மால்களில் பேரம் பேசாதீர்கள்.

7. சாப்பாடு

குவாங்சோ சமையலில் காரம் இல்லை. சீனச் சாப்பாடு என்று நம் ஊரில் நாம் தின்னும் எதற்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. முதல் நாள் ஏமாற்றமாக இருக்கும், மூன்றாம் நாள் நாக்கு அதன் மென்மையைப் பிடித்துக்கொள்ளும் என்பது என் அனுபவம்.

காலைத் தேநீருக்கு ஒருமுறையாவது போங்கள். மூங்கில் கூடைகளில் ஆவியில் வேகவைத்த சின்னச் சின்னப் பலகாரங்களோடு முதியவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். மேசையில் ஒரு கிண்ணத்தையும் தேநீரையும் வைப்பார்கள். முதல் தேநீர் குடிக்க அல்ல, அதில் உங்கள் கோப்பையையும் தட்டையும் குச்சியையும் அலசி, அந்தக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். யாராவது உங்களுக்குத் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை லேசாகத் தட்டுங்கள், அதுதான் நன்றி. பில்லில் ஆளுக்குச் சில யுவான் தேநீர்க் கட்டணம் தனியாக இருக்கும், டிஷ்யூ பாக்கெட்டுக்கும் போடுவார்கள். ஏமாற்றுவதாக நினைத்து வாதாடாதீர்கள், எல்லோருக்கும் அதேதான்.

பல கடைகளில் மெனு கிடையாது. மேசையிலுள்ள கியூஆரை ஸ்கேன் செய்து நீங்களே வரவழைக்க வேண்டும், எல்லாம் சீன எழுத்தில். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்ப்பில் போடுங்கள், அல்லது படம் போட்ட மெனு உள்ள கடைக்குப் போங்கள். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் 15 முதல் 25 யுவான்.

சைவம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. கீரைப் பொரியலில் அரைத்த பன்றி இறைச்சி தூவியிருக்கும், டோஃபுவில் சிப்பிச் சாறு இருக்கும், குழம்புக்கு அடிப்படையே கோழிச் சாறாக இருக்கும். "இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு, சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் கூடாது" என்று முழுதாகச் சீனத்தில் மொழிபெயர்த்து, படமாக வைத்துக் காட்டுங்கள். பாலில் செய்த இனிப்பு என்று நம்பி வாங்கும் இரட்டை ஆடைப் பாலிலும் முட்டை வெள்ளை உண்டு. நிம்மதியாகச் சாப்பிட பௌத்த சைவ உணவகங்களைத் தேடுங்கள். பெய்ஜிங் சாலைக்குப் பக்கத்திலுள்ள பெரிய புத்தர் கோயிலிலேயே ஒன்று இருக்கிறது. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் நூடுல்ஸ் கடைகளில் கேட்டுவிட்டு உட்காருங்கள். முஸ்லிம் நண்பர்களுக்கு ஹலால் நூடுல்ஸ் கடைகள் ஊரெங்கும் உண்டு. சியாவோபெய் பகுதியில் அரபு, ஆப்பிரிக்க, இந்தியச் சாப்பாடு எல்லாமே கிடைக்கும்.

8. கையில் எப்போதும் இருக்க வேண்டியவை

அசல் பாஸ்போர்ட். 16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் அதை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அருங்காட்சியகம், ரயில், சிம் கடை எல்லாவற்றிலும் கேட்பார்கள். காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 120, தீயணைப்பு 119. குவாங்சோவில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அதன் எண்ணைக் கிளம்புமுன் சேமித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் பணம் கட்டிய பிறகுதான் பார்ப்பார்கள், அதனால் பயணக் காப்பீட்டைத் தவிர்க்காதீர்கள்.

9. "ஹாங்காங் பக்கத்தில்தானே, ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமே?"

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. குவாங்சோ தெற்கு ரயில் நிலையத்திலிருந்து ஹாங்காங்குக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஆனால் ஹாங்காங்கோ மக்காவோவோ போனால் சீனாவை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. ஒருமுறை நுழைவு விசா அங்கேயே தீர்ந்துவிடும், பெட்டி குவாங்சோ ஹோட்டலில் இருந்தாலும் திரும்ப விடமாட்டார்கள். இந்தத் திட்டம் இருந்தால் முதலிலேயே இருமுறை நுழைவு விசா கேளுங்கள், இல்லையென்றால் ஹாங்காங்கைக் கடைசி ஊராக வைத்து அங்கிருந்தே ஊருக்குப் பறந்துவிடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங்கில் விசா தேவையில்லை என்றாலும், இணையத்தில் முன்பதிவுச் சீட்டு ஒன்று எடுக்க வேண்டும். இலவசம், 14 நாள் வரை தங்கலாம். சீட்டைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டைச் சீன ரயில்வேயின் 12306 என்ற இணையதளத்தில் 15 நாள் முன்பிருந்து எடுக்கலாம், ஆங்கிலப் பக்கம் இருக்கிறது. அதில் பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு நேரம் எடுக்கும் என்பதால் கணக்கை ஊரிலிருந்தே தொடங்கிவிடுங்கள். குவாங்சோவில் ரயில் நிலையங்கள் பல, டிக்கெட்டில் தெற்கு என்று இருந்தால் தெற்குக்குத்தான் போக வேண்டும். நகர மையத்திலிருந்து அங்கே போகவே முக்கால் மணி நேரம் வரை பிடிக்கும். எல்லைச் சோதனை ஹாங்காங் முனையில்தான் நடக்கும், இருந்தாலும் நிலையத்தில் பை சோதனையும் பாஸ்போர்ட் வாயிலும் உண்டு, ரயில் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது போய்ச் சேருங்கள்.